தீபாவளிக்கு மறுநாள் பசியாறை: கோலாலம்பூரில் வீடற்றவர்களுக்குக் குடும்பமாக உணவு கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு முதல் நாள் இரவு சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் நகருக்குள் போகாதீர்கள். அன்றைக்கு எல்லாரும் போவார்கள். கோயில் குழு, கம்பெனி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், கட்சிக் கிளை என்று ஒன்றன்பின் ஒன்றாக வேன் வந்து நிற்கும். ஒரே ஆள் கையில் மூன்று நான்கு டப்பா சேர்ந்துவிடும். நடு இரவுக்கு மேல் அதே தெருவில் நடந்து பாருங்கள். பிரிக்காத பிரியாணி குப்பைத்தொட்டி ஓரத்தில் கிடக்கும், எலிகள் விருந்து வைத்துக்கொண்டிருக்கும்.

நகரத்தின் நடுவே சாப்பாடு அரிதான பொருள் இல்லை. அது வரும் நேரத்துக்குத்தான் ஒழுங்கில்லை. வெள்ளி, சனி இரவுகளில் குவியும். பண்டிகை இரவுகளில் வழியும். காலையில் பசியாற ஒன்றும் இருக்காது. பண்டிகை முடிந்த மறுநாள் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். செந்தூலில் எங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கும் வழக்கம் அதனால்தான் தீபாவளிக்கு மறுநாள் காலைக்கு நகர்ந்தது. நீங்களும் குடும்பமாகத் தொடங்க நினைத்தால், எங்களுக்கு ஒத்துவந்த முறையை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரம்

காலை 6.30 முதல் 7.30 வரை. அக்டோபர், நவம்பரில் இங்கே 7 மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் உதிக்கிறது. கடைகளின் அஞ்சடியில் (கடை வாசலை ஒட்டிய கூரை போட்ட நடைபாதையில்) படுத்திருப்பவர்கள், கடைக்காரரோ காவலாளியோ வந்து எழுப்புவதற்கு முன்பே எழுந்து அட்டையை மடித்து வைத்துவிடுவார்கள். 8 மணிக்கு மேல் போனால் ஆளைத் தேட வேண்டியிருக்கும். வீடற்றவர்கள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைக்காதீர்கள். பலர் உணவகத்தில் தட்டு கழுவப் போவார்கள், பசாரில் மூட்டை தூக்கப் போவார்கள், சிலர் இரவுக் காவல் முடித்து அப்போதுதான் படுக்க வருவார்கள்.

காலையில் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. இந்த மாதங்களில் சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. அந்த மழையில் பொட்டலம் கொடுப்பது யாருக்கும் சுகமில்லை. மறுநாள் வேலை நாளாக இருந்தாலும் 8 மணிக்குள் வீடு திரும்பி, குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடலாம்.

ஒரு வாரம் முன்னால், வெறுங்கையோடு

இந்த வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பொட்டலம் கொடுக்கப் போகும் தெருவில், அதே காலை நேரத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு நடை போய் வாருங்கள். இரண்டு பெரியவர்கள் போதும், பிள்ளைகள் வேண்டாம். எத்தனை பேர் இருக்கிறார்கள், வயதானவர்கள் எத்தனை, பெண்கள் இருக்கிறார்களா, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, குப்பை போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னும் தெரியவரும். "இங்க சனிக்கிழமை ராத்திரி மூணு குரூப் வரும் அண்ணே, காலையில யாரும் இல்ல" என்று அவரே சொல்லிவிடுவார்.

சௌகிட், மஸ்ஜித் ஜாமெக், கோத்தாராயா, புடு ஆகிய பகுதிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அதற்கு மேல் எந்தச் சந்து, எந்தத் தூண் என்று இங்கே எழுதமாட்டேன். காரணம் பின்னால் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தெரு போதும். சௌகிட்டில் பத்து, புடுவில் பத்து என்று காரில் சுற்றினால் யாரிடமும் இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்காது, சாப்பாடும் ஆறிப்போகும்.

எண்ணியதற்கு மேல் ஐந்தாறு பொட்டலம் கூடுதலாகச் செய்தால் போதும். நூறு செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் முப்பது, நாற்பதே ஒரு வீட்டு அடுப்புக்குப் பெரிய வேலை.

மாநகர் மன்றமும் சட்டமும்

2014 ஜூலையில் அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர், புக்கிட் பிந்தாங் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கும் குழுக்கள் செயல்படக் கூடாது என்று அறிவித்தார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் திட்டம் சொன்னபடி நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அன்று எழுந்த குப்பை, எலி, சாலை நெரிசல் பற்றிய புகார்கள் முழுப் பொய்யும் இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று மாநகர் மன்றம் அவ்வப்போது கட்டுப்பாடு வைக்கும். போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஜாலான் பகாங்கில் மாநகர் மன்றத்தின் வீடற்றோர் இடைத்தங்கல் மையம் இருக்கிறது. அங்கே ஒப்படைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் அங்கேயே கொடுங்கள்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, பிச்சை எடுப்பவரையும் பிழைப்புக்கு வழியின்றித் தெருவில் இருப்பவரையும் அதிகாரிகள் அழைத்துப்போய், நீதிமன்ற உத்தரவின் பேரில் அரசாங்க நல இல்லத்தில் தங்கவைக்கலாம். தெருவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒரே மாதிரி டீசட்டை போட்ட கூட்டம் கையில் கோப்போடு வந்தால் எழுந்து நடக்க ஆரம்பிக்கிறார்கள். குடும்பச் சீருடை, பேனர் எல்லாம் வேண்டாம். சாதாரணச் சட்டை போதும்.

என்ன சமைப்பது

முதலில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். திறந்த இல்ல உபசரிப்பில் மிஞ்சிய சாப்பாடு வேண்டவே வேண்டாம். காலையிலிருந்து மேசையில் திறந்து கிடந்த கறியை ராத்திரி பொட்டலம் கட்டுவதற்குத் தானம் என்று பெயர் வைக்கக் கூடாது.

"நம்ம வீட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டலைக் கொடுத்தா என்ன?" என்று பாட்டி கேட்பார். ஆசை நியாயமானது. ஆனால் கோலாலம்பூர் தெருவில் மலாய்க்காரர், சீனர், தமிழர், சபா சரவாக்கிலிருந்து வந்தவர் என எல்லாரும் இருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாத வீட்டில் சமைத்த இறைச்சியை வாங்க மலாய்ப் பெரியவர் தயங்குவார். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் போனதும் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவார். மாட்டிறைச்சியை நம்மவர்களும் சீன முதியவர்கள் பலரும் தொடமாட்டார்கள். எலும்பு இருந்தால் துப்ப இடமில்லை, குழம்பு இருந்தால் ஒழுகும். இறைச்சிதான் கொடுக்க வேண்டும் என்றால் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் ஆர்டர் கொடுத்து, கடைப் பெயரோடு உள்ள டப்பாவிலேயே கொடுங்கள். மற்றபடி சைவம் எல்லாருடைய தயக்கத்தையும் தீர்த்துவிடுகிறது.

எங்கள் தேர்வு, மரக்கறி போட்டுப் பிரட்டிய மீஹூன் (அரிசிச் சேமியா). திருமணத்துக்கு முந்தின இரவானாலும் கோயில் கூட்டமானாலும் நம் வீடுகளில் செய்வதுதான். மூன்று இனத்தவரும் சின்ன வயதிலிருந்து பசியாறையாகச் சாப்பிட்டு வளர்ந்தது. சட்னி, சாம்பார் தேவையில்லை, ஆறினாலும் சாப்பிடலாம். இட்லியும் நல்லதுதான், பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொடுக்கலாம். தேங்காய்ச் சட்னி மட்டும் கூடாது. நாசி லெமாக்கும் அப்படியே. தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும்.

காரத்தைக் குறையுங்கள். வேளைக்குச் சாப்பிடாத வயிற்றில் புண் இருக்கலாம். தௌகே (முளைப்பயறு) போடாதீர்கள், மற்றக் காய்களுக்கு முன் அதுதான் கெடும். சீன முதியவர்களில் சிலர் சைவ விரதத்தில் பூண்டு, வெங்காயம் சேர்ப்பதில்லை. முதல் வாணலியில் பூண்டு போடாமல் ஐந்து பொட்டலத்துக்கு எடுத்துத் தனியே குறி போட்டு வைத்தால் அவர்களுக்கும் ஆயிற்று. பெலாச்சான் (இறால் விழுது) வேண்டாம். முட்டையை மீஹூனில் கலக்காமல், அவித்து ஓட்டோடு தனியாகக் கொடுங்கள். வேண்டாதவர் திருப்பித் தந்துவிடலாம்.

முட்டை கொடுக்கும்போது ஒரு சின்னக் காகித மடிப்பில் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ஒரு மலாய்ப் பெரியவர் முட்டையை உரித்து, முழங்காலில் காகிதத்தை விரித்து அதில் வைத்துவிட்டு, "காராம் அடா?" என்று உப்பு கேட்டார். கேட்ட பிறகுதான் எங்களுக்கே உறைத்தது, உப்பில்லாமல் முட்டையை நாமே சாப்பிடமாட்டோமே என்று.

பலகாரம் இல்லாமல் தீபாவளியா? கொடுக்கலாம், ஆனால் முறுக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தெருவில் வருடக்கணக்காக இருப்பவர்களில் பலருக்குப் பல் சரியில்லை. மரியாதைக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள், கடிக்க முடியாது. நெய் உருண்டை வாயில் வைத்தால் கரையும். ஓமப்பொடியும் அப்படியே. மெதுவாகச் சுட்ட அதிரசமும் சரி. ஒருவருக்கு மூன்று துண்டு போதும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் நிறைய, மருந்து ஒழுங்காகக் கிடைக்காதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

நாற்பது பேருக்குச் சாமான் கணக்கு

400 கிராம் மீஹூன் பாக்கெட் 8. ஒரு பாக்கெட்டில் தாராளமாக ஐந்து பொட்டலம் வரும். முட்டைக்கோஸ் 2 கிலோ, கேரட் 1 கிலோ, சாவிக் கீரை ஒன்றரைக் கிலோ, தவ்கூவா (கெட்டியான சோயாக் கட்டி) 20 துண்டு. பூண்டும் இஞ்சியும் சேர்த்துக் கால் கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டருக்குள், கிச்சாப் (சோயா சாஸ்) ஒரு போத்தல். முட்டை 45, ஏனென்றால் அவிக்கும்போது நாலைந்து வெடிக்கும். வாழைப்பழம் 40. அரை லிட்டர் தண்ணீர் போத்தல் 24 அடங்கிய பெட்டி இரண்டு. தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட மூன்று லிட்டர் சுடுநீர்க் குடுவை இரண்டு இருந்தால் ஆளுக்கு ஒரு கோப்பை கிடைக்கும். சீனியைத் தனியே கொண்டுபோங்கள்.

பலகாரத்தைச் சேர்க்காமல் இதெல்லாம் சுமார் 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும். விலைவாசி ஏறியிருந்தால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். சொந்தக்காரர்கள் "நானும் தர்றேன்" என்று காசு நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அது எங்கே போக வேண்டும் என்று கைலி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

அடுப்படியும் கடிகாரமும்

சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்கும்போதுதான் கிருமி வேகமாகப் பெருகும். வெதுவெதுப்பாக மூடிவைத்த சோறும் மீஹூனும் இதில் மோசமானவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி சோறு, மாவு வகைகளில் வளரும். அது உண்டாக்கும் ஒரு நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வீட்டில் நமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கழிப்பறை பத்தடியில் இருக்கிறது. தெருவில் இருப்பவருக்குப் பொதுக் கழிப்பறை திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் கண்டிப்பு அதிகம். அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து சாப்பிட்டு முடிக்கும் வரை நான்கு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை.

முதல் நாள் இரவே முட்டையை அவித்து, ஆறவைத்து, ஓட்டோடு குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். காய்களை நறுக்கித் தண்ணீர் வடித்து மூடி வையுங்கள். தவ்கூவாவைப் பொரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். தீபாவளி விருந்தாளிகள் கிளம்பிய பிறகு செய்யும் வேலை என்பதால் எல்லாரும் களைத்திருப்பார்கள். அத்தை மாமா யாராவது தங்கியிருந்தால் கத்தியும் பலகையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

காலை 4.30க்கு மீஹூனைச் சாதாரணத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். சுடுநீரில் போட்டால் வாணலியில் கூழாகிவிடும். அரை மணியில் வளைந்துகொடுக்கும், உடனே வடித்துவிடுங்கள். 5 மணிக்கு இரண்டு அடுப்பில் இரண்டு பெரிய வாணலி. ஒரு தடவைக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் போடாதீர்கள், அடியில் பிடிக்கும், மேலே வேகாது. 5.40க்கு எல்லாம் இறங்கியிருக்கும்.

இறக்கியதை அகலமான தட்டுகளில் பரப்பி, ஆவி போகப் பத்து நிமிடம் விடுங்கள். சுடச்சுட மூடினால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு மீஹூன் நசநசவென்று ஆகிவிடும். அப்புறம் பொட்டலம். எண்ணெய்க் காகிதத்தின் மேல் ஒரு துண்டு வாழை இலை, அதன் மேல் மீஹூன், மடித்து ரப்பர் வளையம். ஒவ்வொன்றிலும் ஒரு மரக் கரண்டியும் ஈரத் துடைப்பான் ஒன்றும் அவசியம். கை கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் கையால் சாப்பிடச் சொல்வது நியாயமில்லை. பாலிஸ்டைரின் பெட்டி பக்கம் போகாதீர்கள், கூட்டரசுப் பிரதேசத்தில் 2017 செப்டம்பர் முதல் தடை.

பொட்டலத்தின் மேல் மலாயில் ஒரு வரி எழுதுங்கள்: இறைச்சி இல்லை, மரக்கறி மட்டும், காலை 9 மணிக்குள் சாப்பிடவும். இதை எழுதும் வேலை பிள்ளைகளுக்கு. 6.15க்கு வண்டி கிளம்ப வேண்டும். செந்தூலிலிருந்து ஜாலான் ஈப்போ வழியாகச் சௌகிட் போய்ச் சேரப் பண்டிகைக் காலையில் பத்து நிமிடம்கூட ஆகாது, ஊரே கம்பத்துக்குப் போயிருக்கும்.

கைலி

தீபாவளிக்குப் புதுத்துணி என்பது நம் வழக்கம். சட்டை வாங்கினால் அளவு பிரச்சினை. பழைய துணி மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டினால் பாதி தெருவிலேயே கிடக்கும். புதுக் கைலி ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரவில் போர்வை, காலையில் துண்டு, உடை மாற்றும்போது மறைப்பு, கொசுவுக்குத் தலை மூடி, சாமான் கட்ட மூட்டைத்துணி. மலாய்க்காரரும் கட்டுவார், தமிழரும் கட்டுவார், சீனப் பெரியவர்கூட இரவில் போர்த்திக்கொள்வார். மஸ்ஜித் இந்தியா கடைகளில் மொத்தமாகக் கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள். சொந்தக்காரர்கள் கொடுக்கும் காசை இதில் போடுங்கள். எல்லாருக்கும் வாங்க முடியாவிட்டால் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மட்டும் போதும்.

பெண்களுக்கு இன்னொரு சிறு பை தயாராக இருக்கட்டும். மாதவிடாய்ப் பட்டை, புது உள்ளாடை, சோப்பு. வீட்டுப் பெண்களே அதைக் கொண்டுபோய், மற்றவர்கள் பார்க்காதபடி கொடுக்க வேண்டும்.

தெருவில்

தைப்பூச வெள்ளி ரதம் ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பழகியவர்கள் நாம். பந்தலில் நாம் நிற்போம், ஜனம் வந்து வாங்கிக்கொள்ளும். "வாங்க வாங்க" என்று சத்தம் போடலாம், பாட்டுப் போடலாம். இங்கே நிலைமை தலைகீழ். நாம்தான் அவர்கள் படுக்கும் இடத்துக்குள் போகிறோம். அந்த அட்டை விரிப்பு அவருடைய வீடு. அதை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், பக்கத்தில் இருக்கும் பையைத் தொடாதீர்கள்.

வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஐந்தாறு பேராக நடந்து போங்கள். ஒருவர் பக்கத்தில் இருவருக்கு மேல் நிற்க வேண்டாம். குனிந்து நின்று கொடுப்பதைவிடக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசுங்கள். "ஐயா, பசியாறிட்டீங்களா?", மலாய்க்காரரானால் "பாக்சிக், சுடா மாக்கான்?", சீனரானால் அங்கள் அல்லது ஆன்ட்டி என்று கூப்பிட்டு அதே மலாய்க் கேள்வி. பதில் வந்த பிறகு பொட்டலத்தை எடுங்கள். "சாப்பிட்டேன்" என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். திணிக்காதீர்கள்.

தேநீரை முதலில் கொடுப்பது ஒரு நல்ல உத்தி. பொட்டலத்தை வாங்கியதும் பேச்சு முடிந்துவிடும். தேநீர் ஊற்றும்போது "சீனி எவ்வளவு?" என்று கேட்க வேண்டியிருக்கும், அவர் சொல்ல வேண்டியிருக்கும். இனிப்பு நீரா, நேற்று எங்கே படுத்தார், காலில் என்ன காயம் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தானாக வரும். நீங்களாக "ஏன் இப்படி ஆனீங்க, பிள்ளைங்க இல்லையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். தமிழர்களான நமக்கு இந்தக் கேள்வி நாக்கு நுனியிலேயே இருக்கும், அதுவும் எதிரே இருப்பவரும் தமிழர் என்றால் எந்தத் தோட்டம், யார் மகன் என்று நூல் பிடித்துப் போகத் தோன்றும். அவர் தன் ஊரிலிருந்து மறைந்து இருக்க வந்தவராக இருக்கலாம்.

தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். அதற்காக மீஹூன் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டும் வராதீர்கள். எலியும் பூனையும் வரும், அவர் எழுந்திருப்பதற்குள் நேரமும் கடந்திருக்கும். தண்ணீர் போத்தலும் வாழைப்பழமும் மட்டும் வையுங்கள். திரும்பி வரும் வழியில் எழுந்திருந்தால் பொட்டலம் கொடுக்கலாம்.

போதையில் இருப்பவர், தனக்குள் பேசிக்கொண்டிருப்பவர் என்று சிலர் இருப்பார்கள். கொஞ்ச தூரத்தில் நின்று கேளுங்கள், கை நீட்டினால் கொடுங்கள், கத்தினால் அமைதியாக நகர்ந்துவிடுங்கள். அவருக்கான பொட்டலத்தை அவரை அறிந்த பக்கத்து ஆளிடம் கொடுத்தால் பெரும்பாலும் போய்ச் சேரும்.

காசு கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். பண்டிகை ஆங் பாவ் கவரைத் தெருவில் வைத்து எடுத்தால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்து, உங்களுக்குப் பின்னால் சண்டை நடக்கும். எங்கள் வீட்டில் கொடுப்பதில்லை.

ஒரு பெரிய குப்பைப் பை கொண்டுபோங்கள். வரும்போது நம் பொட்டலக் காகிதம் மட்டுமல்லாமல் பக்கத்தில் கிடப்பதையும் பொறுக்கிவிட்டு வந்தால், கடைக்காரர் அடுத்த முறை முறைக்கமாட்டார்.

பிள்ளைகள்

எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே இருந்தால் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரக் கரண்டி வைப்பது, உப்பு மடிப்பது, மேலே எழுதுவது எல்லாம் அவர்கள் வேலை. பெரிய பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்தக் கூடாது. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கேள்வி எல்லாம் வண்டியில் வந்து கேட்கலாம். கட்டாயப்படுத்தி இழுத்துப்போக வேண்டாம், "நீ எவ்வளவு கொடுத்துவைத்தவன் பார்" என்ற பாடமும் வேண்டாம். அந்த மனிதர்கள் நம் பிள்ளைக்கு உதாரணம் காட்ட வைத்த பொம்மைகள் அல்ல.

படம் எடுக்காதீர்கள்

முகம் தெரியாமல் எடுத்தாலும், பின்னணியில் கடைப்பெயர் இருந்தால் இடம் தெரிந்துவிடும். பிரிந்து வந்த குடும்பம் பார்க்கும், கடன்காரர் பார்ப்பார், அடுத்த சோதனை நடவடிக்கைக்கு வருபவர்களும் பார்ப்பார்கள். நான் சந்து பெயர் எழுதாததும் இதனால்தான். சமைக்கும்போது அடுப்படியில் எடுத்துக்கொள்ளுங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) போட அது போதும்.

உதவி கேட்டால்

"ஐசி தொலைஞ்சுபோச்சு" என்பது அடிக்கடி காதில் விழும். அடையாள அட்டை இல்லாமல் முறையான வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, வாடகை அறை கிடைப்பதும் கஷ்டம். அதைத் தீர்க்கிறேன் என்று அந்த இடத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். சமூக நல இலாகாவைத் தொடர்புகொள்ள தாலியான் காசே 15999 எண் இருக்கிறது. எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள், அவர் விரும்பினால் உங்கள் போனிலிருந்தே பேச வையுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, சீழ் பிடித்த காயத்தோடு காய்ச்சல் என்றால் 999. கோலாலம்பூர் பொது மருத்துவமனை சௌகிட்டிலிருந்து பக்கம்தான். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது மட்டும் கூடாது.

சமைக்க முடியாதவர்கள்

ஜாலான் ராஜா ஆலாங்கில் உள்ள தத் கல்சா குருத்துவாராவில் (சீக்கியர் கோயில்) யார் போனாலும் இலவசமாகச் சைவச் சாப்பாடு கிடைக்கும், வீடற்றவர்களுக்கும்தான். அங்கே அரிசி, பருப்பு, கோதுமை மாவு, பால் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பாத்திரம் கழுவவும் நிற்கலாம். ஜாலான் இம்பியை ஒட்டிய ஜாலான் பாராட்டில் கெச்சாரா சூப் கிச்சன் இருக்கிறது. அதுவும் சைவம், இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள். பெர்த்திவி சூப் கிச்சன் வண்டியில் போய்க் கொடுக்கும் குழு. எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்கு அன்றைக்குத் தேவை அரிசியா ஆள்பலமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கேட்டால், முதல் வருடம் இவர்களில் யாரோடாவது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் தனியாகத் தொடங்குவது நல்லது.

மற்றவர்கள் பண்டிகையில் நம் முறை

உண்மையில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரும் நாள்கள் வேறு. சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் காப்பிக் கடைகள் மூடியிருக்கும். தட்டு கழுவும் வேலையும் இல்லை, கூலியும் இல்லை, கடையில் மிஞ்சியதைக் கொடுக்கும் டவுக்கேயும் இல்லை. நோன்புப் பெருநாள் முதல் நாளும் அப்படித்தான். ரமலான் மாதம் முழுக்கச் சாயங்காலம் உணவு குவிந்து, பெருநாள் காலையில் நகரம் திடீரென்று காலியாகிவிடும். உணவு கொடுக்கும் குழுக்களில் இருக்கும் மலாய்க்காரர்களும் சீனர்களும் அன்றைக்குத் தங்கள் குடும்பத்தோடு இருப்பார்கள், இருக்கத்தானே வேண்டும். நமக்கோ அன்று விடுமுறை, பெரிய வேலை ஒன்றும் இல்லை.

தீபாவளி வழக்கம் வீட்டில் பழகிவிட்டால் இந்த இரண்டு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்முறை எல்லாம் ஒன்றுதான். ரமலான் மாதத்தில் மட்டும் காலைப் பசியாறை கொண்டுபோகாதீர்கள், பெருநாள் காலையிலிருந்து தொடங்குங்கள். சீனப் புத்தாண்டுக்கு மீஹூன், தவ்கூவா, காய்கறி எல்லாவற்றையும் மூன்று நாள் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். பசாரும் மூடியிருக்கும், முதல் நாள் போனால் சாவிக் கீரைகூடக் கிடைக்காது.